வீட்டுப் போர்ச்சில் 402 மீட்டர் காடி: வீரா உடம்பு, 4ஜி93 டர்போ. எங்கே தொடங்குவது?

சிப்புட்_வீரா
சுங்கை சிப்புட் பக்கம், தாமான் வீட்டுப் போர்ச்சில்தான் வேலை. காடி 1.5 புரோட்டான் வீரா, உடம்பில் துரு இல்லை. 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டுப் பந்தயத்துக்குக் கட்டுகிறேன். 4ஜி93 டர்போ (மிட்சுபிஷி 1.8 இன்ஜின்) ஹாஃப் கட் ஒன்று, அதாவது பழைய காடியின் வெட்டிய முன்பாதி, கிடைக்கும்: இன்ஜின், வயரிங், ஈசியூ (இன்ஜின் கணினி) எல்லாம் சேர்த்து. சாலையில் ஓட்டப் போவதில்லை. லோரியில் ஏற்றி செப்பாங் மாதிரி ட்ராக்குக்கு மட்டும். 13 வினாடிக்குள் வரணும். காசு ஒரே தடவையில் போட முடியாது, கட்டம் கட்டமாகத்தான். எதை முதலில் செய்வது? இன்னொரு சந்தேகம், கேஜ் (ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) பற்ற வைப்பதை, அதாவது வெல்டிங்கை, வீட்டில் செய்யலாமா?

402_மீட்டர்
தம்பி, இன்ஜினை வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. முன்சக்கர இழுவைக் காடியில் எல்லாம் முதல் 18.3 மீட்டரில்தான் இருக்கு. 60 அடி நேரம் என்று ட்ராக்கில் கொடுக்கும் நேரத் தாளில் வருமே, அதுதான்.

ஓட்டுநரோடு காடி 1,030 கிலோ என்று வைங்க. முன்பக்கம் 62 விழுக்காடு, அதாவது 639 கிலோ. எடைமையத்தின் உயரம் சுமார் 0.5 மீட்டர், வீராவின் வீல்பேஸ் 2.5 மீட்டர். காடி பாயும்போது எடை பின்னால் போகும். போகிற எடை = மொத்த எடை × முடுக்கம் (ஜி கணக்கில், 1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) × 0.5 ÷ 2.5. டயரின் பிடிப்பு 1.0 என்றால், கணக்கு 0.517 ஜியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் முன் சக்கரத்தில் மிச்சம் 532 கிலோதான். 107 கிலோ பின்னால் போயிருக்கும், அங்கே அது உங்களுக்கு எந்த வேலையும் செய்யாது.

பிடிப்பு 1.3 உள்ள செமி ஸ்லிக் (வரிப்பள்ளம் குறைந்த பந்தய டயர்) போட்டால் 0.64 ஜி. நின்ற இடத்திலிருந்து 18.3 மீட்டருக்கு 2.69 வினாடி ஆனது 2.41 ஆகும். டயர் மட்டும் மாற்றி கால் வினாடிக்கு மேல். ட்ராக்கில் கடிகாரம் சக்கரம் கொஞ்சம் உருண்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும் என்பதால் தாளில் வரும் எண் இதைவிடக் குறைவாக இருக்கும். வித்தியாசம் பெரிதாக மாறாது.

இப்போது முக்கியமானது. 0.64 ஜியில் 18.3 மீட்டர் முடியும்போது வேகம் மணிக்கு சுமார் 55 கி.மீ. அந்த இடத்தில் சக்கரத்துக்கு வேண்டிய சக்தி 131 குதிரைத்திறன். அதற்கு மேல் கொடுத்தால் புகைதான் வரும். ஆகவே முதல் காசு டயருக்கும் எல்.எஸ்.டிக்கும் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்). டர்போ அப்புறம்.

பழைய_போமேன்
402 சொல்வது சரி. ஹாஃப் கட் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். 4ஜி93 டர்போ லான்சர் ஜிஎஸ்ஆரிலிருந்து வருவது, அது நாலு சக்கர இழுவை. கூட வரும் கியர்பாக்ஸ் உங்களுக்கு ஆகாது. முன்சக்கர 1.8இன் கியர்பாக்ஸ் தனியாகத் தேடணும், அதற்குப் பொருந்துகிற டிரைவ் ஷாஃப்டும் சேர்த்து. விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆவதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீங்க. கடையிலேயே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லணும். நாலு பிளக்கும் கழற்றி, திராட்டில் முழுசா திறந்து, நல்ல பேட்டரியில் சுற்றணும். எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரிது. 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்க. எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

சிப்புட்_வீரா
நன்றி அண்ணே. 402 அண்ணே, பேட்டரியைப் பூட்டுக்கு (பின்பக்கச் சாமான் அறை) மாற்றினால் எடை சரிசமமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

402_மீட்டர்
பின்சக்கர இழுவைக் காடிக்கு அது சரி. உங்கள் காடிக்கு நேர் எதிர். 14 கிலோ பேட்டரியை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டு போனால் மேலே சொன்ன 0.64 ஜி 0.626 ஆகிவிடும். காசும் செலவு செய்து, நீளமான கேபிளும் இழுத்து, மெதுவாகப் போவதற்கு ஏன்? பேட்டரி முன்னாலேயே இருக்கட்டும். எடை குறைக்கணும் என்றால் பின்னாலிருந்து தொடங்குங்க: பின் இருக்கை, ஸ்பேர் டயர், பூட்டு விரிப்பு, பின் கதவு மோட்டார். முன் பம்பருக்குள் இருக்கும் இரும்பை வெட்டுகிறவர்கள் இருக்காங்க. அது எடைக்கும் கெடுதல், மோதினால் காலுக்கும் கெடுதல்.

லிந்தாங்_சாலை
பின்னால் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் எடை பின்னால் போகாதே? எங்க பக்கம் எல்லாக் காடியும் அப்படித்தான் கட்டுறாங்க, வேலையும் செய்யுது.

402_மீட்டர்
வேலை செய்வது உண்மை, காரணம் வேறு. எடை எவ்வளவு போகும் என்பதை முடுக்கம், உயரம், வீல்பேஸ் மூன்றும்தான் முடிவு செய்யும். அந்தக் கணக்கில் ஸ்பிரிங்கே கிடையாது. கான்கிரீட்டில் பின் சக்கரத்தை வார்த்து வைத்தாலும் அதே 107 கிலோ போகும். கெட்டியான பின் ஸ்பிரிங் செய்வது இரண்டு. பின்பக்கம் அமுங்காது, அதனால் மூக்கு தூக்காது. மூக்கு தூக்காவிட்டால் முன் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பிய அளவு) நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும், டயர் முழு அகலத்துக்கும் தரையில் உட்காரும். அதனால்தான் வேகம்.

இதே காரணத்துக்காக முன் அப்சோர்பரின் ரீபவுண்டை இறுக்கி வைக்கணும், முன்பக்கம் மெதுவாகத்தான் எழும். டோ: இழுக்கும்போது முன் சக்கரங்கள் புஷ்ஷை அமுக்கி உள்நோக்கித் திரும்பும். ஆகவே நிற்கும்போது மொத்தம் 1 முதல் 2 மி.மீ. வெளிநோக்கி வைத்தால் ஓட்டத்தில் நேராகும். கேம்பர் கழித்தல் அரை பாகைக்கு மேல் வேண்டாம், இது வளைவுக் காடி இல்லை. முன் செமி ஸ்லிக்கில் 24 பிஎஸ்ஐயில் தொடங்கி 1 பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்க, பின்னால் ஒல்லி டயர் 40. டயர் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

லிந்தாங்_சாலை
புரிஞ்சது. அப்போ உயரத்தைக் குறைத்தால் லாபம்தானே, ஏன் எல்லாரும் தரையோடு இறக்குவதில்லை?

402_மீட்டர்
50 மி.மீ. இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் இரண்டு விழுக்காடு பிடிப்பு. அதற்குள் டிரைவ் ஷாஃப்டின் கோணம் தவறிவிடும். ஷாஃப்ட் படுக்கையாக, கியர்பாக்ஸுக்கும் ஹப்புக்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கிற உயரம்தான் சரியான உயரம். கோணம் கூடக் கூட ஜாயின்ட் முழு டார்க்கில் வெட்டிக்கொள்ளும்.

பழைய_போமேன்
ஷாஃப்ட் உடைவதற்குக் கோணத்தைவிடப் பெரிய எமன் வீல் ஹாப். டயர் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு என்று குதிக்கும். ஒவ்வொரு பிடியும் சுத்தியலடி. டம் டம் என்று பெடலில் கேட்டால் உடனே காலை எடுக்கணும், அடுத்த குதிப்பில் ஜாயின்ட் கூண்டு சிதறும். காரணம் பெரும்பாலும் மூன்று இடத்தில்: கிழிந்த இன்ஜின் மவுண்டிங், லோவர் ஆர்ம் பின் புஷ், காற்று அதிகமான டயர். மவுண்டிங்கைச் சோதிக்க, ஹேண்ட் பிரேக் இழுத்து போனட்டைத் திறந்து வைங்க. எதிரில் யாரும் நிற்கக் கூடாது. முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விட்டால் இன்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆடக் கூடாது. பின் மவுண்டிங்கில் ரப்பர் நடுவே வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும், சும்மா பார்த்தால் தெரியாது. கடப்பாரையால் நெம்பினால் வாய் திறக்கும்.

வெல்டிங்_மேசை
கேஜ் பற்றிக் கேட்டீங்க. வீட்டில் பற்ற வைக்கலாம், ஆனால் குழாயில் விளையாடக் கூடாது. சி.டி.எஸ். குழாய், அதாவது தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்தது. எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) அளவு: ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50க்கு 2.0. மற்ற கால்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. தரையோடு சேரும் இடத்தில் 3 மி.மீ. தகடு, பிரதான வளைவின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 120 சதுர செ.மீ. போல்ட் போட்டு இணைத்தால் எம்8, 8.8 தரம், ஒரு காலுக்கு மூன்று.

தண்ணீர்க் குழாயில் கட்டின கேஜ் எத்தனையோ இருக்கு. அதில் நீளவாட்டில் ஒரு தையல் ஓடும். வளைக்கும்போது தையல் வெளிவளைவில் வந்தால் அங்கேயே பிளக்கும். மேலே உள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகி மூச்சுக்குள் போய்க் காய்ச்சல் வைக்கும்.

அமெரிக்க என்.எச்.ஆர்.ஏ. (402 மீட்டர் பந்தயச் சங்கம்) விதியில் பழைய காடிகளுக்கு 11.49 வினாடியிலிருந்துதான் ரோல் பார் கட்டாயம். 13 வினாடிக் காடிக்கு அந்த விதிப்படி வேண்டாம். ஆனால் நீங்கள் பின் இருக்கையைக் கழற்றி ஹார்னஸ் (பந்தய இருக்கைப் பட்டை) போடப் போறீங்க. ஹார்னஸின் தோள் பட்டையைக் கட்ட ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். பட்டை தோளிலிருந்து பின்னால் கீழ்நோக்கிச் சரியலாம், 45 பாகைக்கு மேல் கூடாது. தரையில் கட்டினால் மோதும்போது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். ஆகவே பின் பாதி கேஜாவது போடுங்க.

போர்ச்சில் இரண்டு தொல்லை. ஒன்று காற்று. மிக் வெல்டிங்கின் கேஸைச் சாயங்கால மழைக்காற்று அடித்துக்கொண்டு போகும், பற்று புழு அரித்த மாதிரி துளை துளையாக வரும். மூன்று பக்கமும் கேன்வாஸ் தொங்க விடுங்க, மேலே திறந்திருக்கட்டும். இன்னொன்று கரண்ட். 13 ஆம்ப் பிளக்கில் 200 ஆம்ப் மிஷினை முழு அளவில் ஓட்ட முடியாது, பிளக் உருகும். உரிமம் உள்ள வயர்மேனை வைத்து டி.பி.யிலிருந்து (மெயின் சுவிட்ச் பெட்டி) தனி 32 ஆம்ப் பாயின்ட் எடுங்க. பற்ற வைக்கும் முன் பேட்டரி கழற்றி, ஈசியூ சாக்கெட்டை உருவி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வைக்கணும். எர்த் கிளாம்ப் பற்று வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும்.

செம்பனை_முள்
இன்ஜின் இறக்க செயின் பிளாக்கைப் போர்ச் கூரைச் சட்டத்தில் தொங்க விடாதீங்க. கூரையின் ஓடுகளைத் தாங்கத்தான் அது, இழுவைக்கு இல்லை. ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு ஏ ஃபிரேமும் போதும். எஸ்டேட் வொர்க்ஷாப்புகளில் டிராக்டருக்கு வைத்திருப்பார்கள், கேட்டால் வாடகைக்குக் கிடைக்கும். காடிக்கு அடியில் போகும்போது சிமெண்டுக் கல் வேண்டவே வேண்டாம். அது நசுங்காது, முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும்.

டைமிங்_5
இன்ஜினுக்கு வருவோம். பிஸ்டனை மாற்றாமல் 200 குதிரைத்திறன் அளவில் நில்லுங்க. 1,030 கிலோவுக்கு 200 என்றால் நன்றாகப் புறப்பட்ட காடிக்கு ஏறத்தாழ 13.1 வினாடி வரும் (பவுண்டில் எடை ÷ திறன், அதன் மூன்றாம் மூலம் × 5.825). 13க்குள் வரணும் என்றால் 205 வேண்டும், அல்லது 25 கிலோ இறக்கணும். இரண்டிலும் பாதிப் பாதி செய்வது மலிவு.

இன்ஜெக்டர்: 200 குதிரைத்திறனுக்கு டர்போ இன்ஜின் மணிக்கு 54 கிலோ பெட்ரோல் குடிக்கும். நாலாக வகுத்து, 80 விழுக்காடு டூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) நிறுத்தினால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 383 சி.சி. வரும். 440 எடுங்க. பம்ப் 255 லிட்டர் வகை தாராளம், ஆனால் அந்த எண் 13.5 வோல்ட்டில் சொன்னது. பழைய வயரில் பம்புக்கு 11.5 வோல்ட்தான் போய்ச் சேரும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது இன்ஜெக்டர் ரயிலில் பெட்ரோல் அழுத்தமும் ஏறும், அங்கேதான் பம்ப் மூச்சு வாங்கும். பேட்டரியிலிருந்து ரிலே வைத்து 4 சதுர மி.மீ. வயர் இழுங்க. அதோடு ஃபியூஸ்.

வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர்) இல்லாமல் பூஸ்ட் ஏற்றவே கூடாது. முழு பூஸ்டில் விகிதம் 11.5 முதல் 11.8. அது 12.5 பக்கம் நகர்ந்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே விடணும். பிளக் ஒரு படி குளிர்ந்தது (என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி), இடைவெளி 0.7 மி.மீ. 1.1இல் விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணையும், ஆட்கள் அதைப் பெட்ரோல் குறைச்சல் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டியூன் செய்பவரிடம் போவதற்கு முன் டைமிங் லைட் வைத்துப் பாருங்க. மிட்சுபிஷியில் அடிப்படை டைமிங் 5 பாகை முன்னால். கிராங்க் புல்லி இரண்டு இரும்பு, நடுவே ரப்பர். 25 வருஷப் புல்லியில் ரப்பர் காய்ந்து வெளி வளையம் வழுக்கியிருக்கும், குறி பொய் சொல்லும். லைட்டில் 5 பாகை காட்டும், உள்ளே உண்மையில் 12 இருக்கும். அந்த ஏழு பாகை பூஸ்டில் பிஸ்டனை உடைக்கும். பிளக் ஓட்டையில் ஸ்டாப்பர் வைத்து, கையால் இரு பக்கமும் சுற்றி, இரண்டு குறியின் நடுவே மேல் மையத்தை நீங்களே புதிதாகக் கீறுங்க. அரை மணி நேர வேலைதான்.

பழைய_போமேன்
டைமிங்_5 சொன்னதில் பிஸ்டனைத் தொடாமல் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹாஃப் கட் இன்ஜினைத் திறக்காமல் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தாண்டுவது. குறைந்தது ரிங்கும் பேரிங்கும் புதுசு போடணும். ரிங்கை வாங்கியபடி போடாதீங்க. பிஸ்டன் தலையால் ரிங்கை 25 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 81 மி.மீ. போருக்கு, டர்போவில் மேல் ரிங் 0.36 முதல் 0.40 மி.மீ. குறைவாக விட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டும், போக இடம் இல்லாமல் பிஸ்டனின் ரிங் நடு வரப்பை உடைக்கும். அதைத்தான் எல்லோரும் டியூன் தப்பு என்கிறார்கள். அரம் வைத்துத் தேய்க்கும்போது வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில், ஒரு முனையை மட்டும்.

ஹெட்டுக்கு ஸ்டட் போட்டால் அதன் பெட்டியில் வரும் கிரீஸைத் தடவி, அதன் தாளில் எழுதியிருக்கும் டார்க்கில் இறுக்குங்க. காடி மெனுவலின் எண் அதற்குப் பொருந்தாது. டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் கேள்வியே இல்லாமல் புதுசு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் இன்ஜின் இது.

டைமிங்_5
திறக்கணும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. பிஸ்டன் பழசே இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

சிப்புட்_வீரா
கிளட்ச், ஃபிளைவீல்? இலேசான ஃபிளைவீல் நல்லதா?

402_மீட்டர்
402 மீட்டருக்கு மிக இலேசானது கெடுதல். கிளட்ச் விடும்போது சுழலும் எடைதான் காடியைத் தள்ளும். அது இல்லாவிட்டால் ஆர்பிஎம் விழுந்து டர்போ தூங்கும். நடுத்தர எடை, கட்டாயம் எஃகு. பழைய வார்ப்பிரும்பைக் கடைசலில் மெலிதாக்கிப் போடக் கூடாது, அது வெடித்தால் பெல் ஹவுசிங்கைத் துளைத்து உங்கள் காலுக்குத்தான் வரும். லாஞ்ச் லிமிட்டரை (புறப்படும் முன் ஆர்பிஎம்மை ஒரு அளவில் நிறுத்தி வைப்பது) 3,500இல் தொடங்கி 250ஆக ஏற்றுங்க. சக்கரம் சுழன்றால் இறக்குங்க, இன்ஜின் மூச்சு திணறினால் ஏற்றுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், நோட்டில் எழுதி: டயர் காற்று, ஆர்பிஎம், 60 அடி, வெப்பம். நம் ஊர் 33 பாகையும் 65 விழுக்காடு ஈரமும் இருக்கும் மதியத்தில், உள்ளே போகும் காற்றில் 3 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீராவிதான். மதிய எண்ணையும் ராத்திரி எண்ணையும் ஒப்பிட்டு டியூனை மாற்றாதீங்க.

செம்பனை_முள்
காடியைச் சோதிக்க எஸ்டேட் ரோட்டுக்கோ லிந்தாங் ரோட்டுக்கோ எடுத்துப் போகும் யோசனை வேண்டாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அனுமதி இல்லாத சாலைப் பந்தயம் குற்றம், ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் இல்லாமல் இன்ஜின் மாற்றிய காடி தனிக் கேஸ். அதைவிட, அந்த ரோட்டில் காலையில் வேலைக்குப் போகிற ஜனங்கள் சைக்கிளில் வருவாங்க. பழக்குலை லோரி சிந்தும் எண்ணெயும் செம்மண்ணும் மேலே இருக்கும். செமி ஸ்லிக்குக்கு அது சோப்பு மாதிரி.

சிப்புட்_வீரா
ரோட்டுக்கு எடுக்க மாட்டேன் அண்ணே, லோரிதான். ட்ராக்கில் டயர் சூடேற்றுவது எப்படி? முன்சக்கரத்துக்கு வேறு முறையா?

402_மீட்டர்
ஆமாம். டயர் சூடேற்றும் இடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கும், முன் டயர் அதைக் கடந்து ஈரத்தின் விளிம்பில் நிற்கணும். பின் டயர் தண்ணீரில் படாமல் சுற்றி வர இடம் இருந்தால் சுற்றி வாங்க, இல்லையென்றால் பின் டயர் சொட்டுகிற தண்ணீரைக் கோட்டுக்குக் கொண்டு வருவீங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்து, இரண்டாம் கியர், 4,500, கிளட்சைச் சட்டென்று விடுங்க. புகை மெல்லிய நீலமாக வந்ததும் போதும், மூன்று நான்கு வினாடி. காடி தானாக முன்னால் நகர ஆரம்பிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்டிக்கொண்டு போங்க. ஆகவே பின் டிரம் ஷூவும் ஹேண்ட் பிரேக் கேபிளும் நல்ல நிலையில் இருக்கணும், இதை எல்லோரும் மறப்பார்கள்.

பிறகு புறப்படும் கோட்டில் முதல் விளக்குக் கதிர், மெதுவாக ஊர்ந்து இரண்டாவது. இரண்டாவது விளக்கு எரிந்த கணத்தில் நிறுத்துங்க, ஒரு விரல்கடை கூட மேலே வேண்டாம். இன்னும் உருள மிச்சம் இருக்கும் அந்தச் சில அங்குலம்தான் 60 அடி நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் இலவசம். மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் இறங்கும் முறையென்றால், பச்சைக்குக் காத்திருக்காமல் கடைசி மஞ்சளிலேயே கிளட்சை விடணும். தாமதமாகப் புறப்பட்டாலும் ஓட்ட நேரம் கெடாது, கடிகாரம் காடி நகர்ந்த பிறகுதான் ஓடும். ஆனால் பக்கத்துக் காடி முதலில் கோட்டைத் தொடும்.

பழைய_போமேன்
தம்பி, வாங்குகிற வரிசை இது: டயர், மவுண்டிங், புஷ். பிறகு 1.5 இன்ஜினோடேயே ஒரு நாள் ட்ராக்கில் ஓடி 60 அடி நேரத்தை எழுதி வைங்க. கேஜ், இருக்கை, ஹார்னஸ். கியர்பாக்ஸும் எல்.எஸ்.டியும். கடைசியில்தான் ஹாஃப் கட். சைஸ் பார்க்க வேண்டியிருந்தால் உங்கள் பின் மவுண்டிங்கைப் படம் எடுத்து இங்கே போடுங்க. கடப்பாரை வைத்து நெம்பின நிலையில் எடுங்க.